போன குரல், வராத குரல்

சங்குமுனை மீனவர் சங்கத்துக்குக் கடலைப் பார்த்த ஒற்றை அறை ஒன்று இருந்தது. அறைக்கு மேலே உயரமான இரும்புக் கம்பம். உள்ளே ஒரு வயர்லெஸ் செட், ஒரு மைக், ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் தொம்மை உட்காருவார்.

தொம்மைக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். நான்கு வருஷத்துக்கு முன் கயிறு சுற்றி வலது கை முறிந்தது. எலும்பு கூடியது, வலு திரும்பவில்லை. சங்கத்தார் அவரைக் கரையில் உட்கார வைத்தார்கள். கடலுக்குப் போன வள்ளங்களை ஆறு மணிக்கு ஒரு தரம், ஒன்பதுக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் வேலை. வள்ளத்தில் இருப்பவர்கள் கையில் பிடிக்கும் சிறிய வாக்கி-டாக்கியில் பதில் சொல்வார்கள். ஊரில் அதற்கு வாக்கி என்றே பேர்.

வேலையைக் கற்றுக்கொடுத்தவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். வயர்லெஸ் படித்தவள். கடலில் கால் நனைத்ததோடு சரி. மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து செட்டைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்க முதல் நாள் தொம்மைக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கேள்வி கேட்டார். "எனக்குத் தெரியாது அண்ணாச்சி, படிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்றாள். அடுத்த தடவை வந்தபோது மறக்காமல் சொன்னாள். அன்றோடு கூச்சம் போயிற்று. அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்குத் தொம்மை கூப்பிட்டார். கிட்டத்து வள்ளங்கள் பதில் சொல்லின. கஸ்பாரின் வள்ளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

கஸ்பார் அவருடைய தங்கை பிலோமினின் மகன்.

"கஸ்பாரு, கஸ்பாரு. சங்குமுனை கூப்பிடுது. சொல்லு."

செட் பேசாமல் இருந்தது.

இது புதிதில்லை. கொஞ்ச நாளாகவே தூரத்து வள்ளங்கள் பதில் சொல்வதில்லை. கரையேறியதும் கேட்டால், "சொன்னோமே" என்பார்கள். சாக்கு என்று தொம்மை நினைத்தார். தன் குரல் அவர்களுக்கு எட்டவில்லையோ என்றும் ஒரு சந்தேகம். குரலின் வலுவைக் கூட்டும் பொத்தானை அழுத்திக் கடைசி அளவுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகும் அப்படியேதான்.

அன்றைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பத்தொன்பது தரம் கூப்பிட்டார். நடுவில் கோபம் வந்தது.

"வாய் செத்துப் போச்சாலே? மாமன் தொண்டை வத்தக் கூப்பிடுதேன், ஒரு வார்த்தை சொல்ல முடியாதா ஒனக்கு?"

பன்னிரண்டுக்குத்தான் இது சாக்கு இல்லை என்று பட்டது. எழுந்து ஓடிப்போய்ச் சங்கத் தலைவரிடம் சொன்னார்.

கஸ்பாரின் எஞ்சின் எட்டே முக்காலுக்கே நின்றுபோயிருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு அலை ஏறி வள்ளம் கவிழ்ந்தது. கஸ்பாரும் உடன் போன இரண்டு பேரும் கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பற்றிக்கொண்டு கிடந்தார்கள். பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று அந்த வழியாக வந்தது, அவர்கள் செய்த புண்ணியம். மூன்று உயிரும் கரை சேர்ந்தன. எஞ்சினும் வலையும் கடலோடு போயின.

சாயங்காலம் பிலோமின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நீ கூப்பிட்டியா?"

"பத்தொன்பது தரம் கூப்பிட்டேன்."

"பிள்ளையும் அப்பிடித்தான் சொன்னான். பத்தொன்பதும் அவனுக்குக் கேட்டுச்சாம்."

தொம்மை அவளைப் பார்த்தார்.

"பத்தொன்பதுக்கும் பதில் சொன்னானாம். எஞ்சின் நின்னுட்டு, காத்து தள்ளுதுன்னு சொன்னானாம். நீ ஏசுனதும் கேட்டுச்சாம்."

அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்கு அவள் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று தொம்மைக்குத் தோன்றியது.

மறுநாள் நான்கு வள்ளக்காரர்கள் வாக்கியைக் கொண்டுவந்து சங்கத்து மேசையில் வைத்தார்கள். "பேசுதது கேக்காத செட்டை நம்பி எதுக்கு இதைச் சுமக்கணும்?" என்றார்கள். தலைவர் செண்பகவல்லிக்குப் போன் போட்டார்.

வியாழக்கிழமை செண்பகவல்லி வந்தாள். தொம்மை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் ஏசியதையும் சொன்னார். பிறகு கேட்டார்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு விளங்கல. நடுவுல இருக்கது ஒரே கடல். ஒரே காத்து. இங்க இருந்து போனது அங்க போய்ச் சேர்ந்துட்டு. அங்க இருந்து வந்தது மட்டும் எங்க போச்சு?"

அவள் செட்டைப் பார்த்தாள். ஒன்றையும் தொடவில்லை.

"நாளைக்கு நீங்க கடலுக்குப் போங்க அண்ணாச்சி."

"நானா?"

"கஸ்பாருக்கு எஞ்சின் நின்ன இடத்துக்கு. நான் இங்க உங்க நாற்காலியில உக்காந்து கூப்பிடுதேன். செட்டுல நீங்க வச்சது வச்சபடி இருக்கட்டும்."

"கடலுக்குப் போயி நாலு வருஷமாச்சு டீச்சர். இந்தக் கைய வச்சிக்கிட்டு..."

"வாக்கி பிடிக்க ஒரு கை போதும்."

"யாரு கூட்டிட்டுப் போவா?"

"கஸ்பாரைக் கேட்டுப் பாருங்க."

தொம்மை தங்கை வீட்டுக்குப் போனார். கஸ்பார் கட்டிலில் படுத்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. டீச்சர் சொன்னதைத் தொம்மை சொன்னார். அவன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.  விடிந்ததும் இரவல் வள்ளம் ஒன்றோடு கரையில் நின்றான்.

ஆறு மைல் போனார்கள்.  கரை ஒரு கோடாகத் தெரிந்த இடத்தில் கஸ்பார் எஞ்சினை நிறுத்தினான்.

"இங்கதான்" என்றான்.

ஒன்பது மணி. வாக்கியில் செண்பகவல்லியின் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"தொம்மை அண்ணாச்சி, சங்குமுனை கூப்பிடுது. கேக்குதா?"

"கேக்குது டீச்சர். நல்லாக் கேக்குது."

"தொம்மை அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

"அண்ணாச்சி, உங்க பதில் வரல. இருக்கியளா?"

"இருக்கேன் டீச்சர்! இங்கதான் இருக்கேன்!"

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரலில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஐந்தாவது தடவைக்குத் தொம்மை எழுந்து நின்றார். ஆறாவது தடவைக்கு வாக்கியை வாயோடு ஒட்டி வைத்துக் கத்தினார். வள்ளம் ஆடியது.

"டீச்சர்! கேக்கலையா? பேசிட்டுத்தான இருக்கேன்! டீச்சர்!"

கஸ்பார் அவர் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தான்.

"கத்தாதிய மாமா. நாங்களும் கத்திப் பாத்தோம்."

தொம்மை உட்கார்ந்தார். வாக்கி அவர் மடியில் கிடந்தது. அதிலிருந்து செண்பகவல்லி இன்னும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மூணு மணி நேரமாடே இப்பிடி?" என்று கேட்டார்.

"ஆமா."

"நான் ஏசுனப்போ நீ என்ன சொன்ன?"

கஸ்பார் உள்ளங்கைத் துணியை இறுக்கிக் கட்டினான்.

"அப்பவும் பதில்தான் சொன்னேன்."

கரைக்கு வந்த பிறகு தொம்மை அறைக்குள் போகவில்லை. வெளியிலேயே மணலில் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"வேற யாருக்கும் வரக் கூடாது டீச்சர்."

 "நாளைக்குக் கஸ்பார் மட்டும் போகட்டும். நீங்க என்கூட இருங்க" என்றாள். அன்று ஊருக்குத் திரும்பவில்லை. பிலோமின் வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு அதே இடத்தில் கஸ்பார் நின்றான். இந்தத் தடவை அவன் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அறைக்குள் செட் ஊமையாக இருந்தது. செண்பகவல்லி இன்னொரு வாக்கியைத் தொம்மையின் கையில் கொடுத்தாள்.

"வாங்க."

அறையை விட்டு இருநூறு அடி தள்ளி ஒரு மணல் மேடு. இருவரும் மேலே ஏறினார்கள். தொம்மை வாக்கியைக் காதில் வைத்தார். மெலிசாக, ஆனால் பிசிறில்லாமல், கஸ்பாரின் குரல் வந்தது.

"...சங்குமுனை, கஸ்பார் பேசுதேன். கடல் நல்லா இருக்கு. சங்குமுனை, கஸ்பார் பேசுதேன்..."

தொம்மை வாக்கியைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கேக்குது."

"ஆமா."

"அவ்வளவு பெரிய செட்டு. அவ்வளவு உசரக் கம்பம். அதுக்குக் கேக்கல."

"ஆமா."

"அப்போ அவன் குரல் கரைக்கு வருது."

"என்னைக்கும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

மேட்டிலிருந்து இறங்கி அறைக்கு வந்தார்கள். செண்பகவல்லி செட்டின் ஓரத்தில் இருந்த ஒரு குமிழைக் காட்டினாள். இரைச்சலை அடைத்து வைக்கிற குமிழ் அது. அதைத் திருகி அடைத்தால் குறிப்பிட்ட வலுவுக்குக் கீழே இருக்கும் எதையும் செட் வெளியே விடாது.

"இதைத் திறங்க."

தொம்மை திறந்தார். செட் சோவென்று இரைந்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோல் அறை நிரம்பிவிட்டது.

"இந்தச் சனியனுக்குத்தான் இதை முழுக்க அடைச்சு வச்சேன்" என்றார் தொம்மை, சத்தத்துக்கு மேலே. "தலை வலிக்கும் டீச்சர். ஒரு மனுஷன் நாள் முழுக்க இதைக் கேட்டுட்டு இருக்க முடியுமா?"

"முடியாது."

"அதான் அடைச்சேன். அடைச்சதும் அமைதியாப் போச்சு."

"எப்போ அடைச்சிய?"

"மூணு வாரமாச்சு."

"அதுக்கு முன்னால இந்த இரைச்சல் உண்டா?"

தொம்மை யோசித்தார். "இல்லை."

"மூணு வாரத்துக்கு முன்னால இந்த அறைக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?"

தொம்மை அறையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி பழையது. மேசை பழையது. மின்விசிறி சங்கம் கட்டிய காலத்தது. அவர் கண் சுவரில் போய் நின்றது. செட்டுக்கு நேர் மேலே மாதா படம். படத்தைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாகச் சீரியல் பல்புகள் விட்டு விட்டு எரிந்தன. திருவிழாக் கடையில் அவர்தான் ஆசையாக வாங்கினார். வள்ளங்கள் கடலில் இருக்கிற நேரம் முழுக்க மாதா முன்னால் வெளிச்சம் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைப் போடுவார்.

செண்பகவல்லியும் படத்தைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. 

தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சுவரோரம் போய், பல்புச் சரத்தின் பிளக்கைப் பிடுங்கினார்.

இரைச்சல் அடங்கியது. முழுக்க இல்லை. மழை விட்ட பிறகு மரம் சொட்டுகிற அளவுக்கு மிச்சம் இருந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"...மணி பத்தே கால் ஆச்சு. கேக்குதா மாமா? அந்த இடத்துலதான் நிக்கேன். கேக்குதா மாமா? கஸ்பார் பேசுதேன். கேக்குதா?"

தொம்மை மைக்கை எடுத்தார். பொத்தானை அழுத்தினார்.  

"கேக்குதுலே மக்கா" என்றார். "கேக்குது."

 "சரி மாமா" என்று பதில் வந்தது. அவன் எஞ்சினைக் கிளப்பும் சத்தமும் கேட்டது.

மதியம் செண்பகவல்லி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். தொம்மை நிறுத்தம் வரை கூட நடந்தார்.

"அப்போ போற பாதை வேற, வாற பாதை வேற இல்லையா டீச்சர்?"

"பாதை ஒண்ணுதான். போகும்போது எவ்வளவு தேயுதோ, வரும்போதும் அவ்வளவுதான் தேயும். கடல் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் நடந்துக்கிடுச்சு."

"பின்ன ஏன் ரெண்டு மாதிரி?"

"உங்க செட்டுக்கு வலு ஜாஸ்தி. அவன் வாக்கி சின்னது. அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"உங்க குரல் போய் இறங்குத இடத்துல காத்தும் தண்ணியும்தான் இருக்கு. செட்டுக்குள்ள இரைச்சலைக் கிளப்புத பல்பு இல்ல. அவன் குரல் வந்து இறங்குத இடத்துல..."

அவள் முடிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

தொம்மை பல்புச் சரத்தைக் கழற்றிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். இரைச்சல் குமிழைப் பாதியில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்கச் செட் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். தலை வலித்தால் சுக்குக் காப்பி குடித்தார். ஒரு வாரத்தில் இரண்டு வள்ளக்காரர்கள் வாக்கியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மற்ற இரண்டு பேரும். கஸ்பாருக்குச் சங்கம் பழைய எஞ்சின் ஒன்று வாங்கிக் கொடுத்தது. அவன் ஒன்பது மணிக்கு முதல் ஆளாகப் பதில் சொன்னான். சில நாள் மாமா கூப்பிடும் முன்பே பேசினான்.

சங்கத் தலைவர் ஒரு பதிவேடு போட்டுக் கொடுத்தார். எந்த வள்ளத்தை எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், என்ன பதில் வந்தது என்று அதில் எழுத வேண்டும். தொம்மை இடது கையால் எழுதப் பழகினார். எழுத்து கோணல் மாணலாக வந்தது, ஆனால் ஒரு வரி விட்டுப்போகாது.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு நாள் செண்பகவல்லி வந்திருந்தாள். ஒன்பது மணி. தொம்மை வரிசையாகக் கூப்பிட்டார். எட்டு வள்ளங்கள் பதில் சொல்லின. இருதயம் என்பவரின் வள்ளம் மட்டும் சொல்லவில்லை. தொம்மை மூன்று தரம் கூப்பிட்டார். நாலாவது தரம் கூப்பிடாமல், அந்தப் பக்கம் நின்ற கஸ்பாரைக் கூப்பிட்டார்.

"கஸ்பாரு, இருதயம் அண்ணன் வள்ளம் தெரியுதா பாரு."

"தெரியுது மாமா. வலையை இழுத்து வாங்கிக்கிட்டு இருக்காரு. ஒரு குறையும் இல்லை."

"சரி மக்கா."

தொம்மை நிம்மதியாக மைக்கை வைத்தார். செண்பகவல்லி பக்கத்தில் இருந்தது அவருக்குப் பெருமையாக இருந்தது. பதிவேட்டைத் திறந்தார். ஒன்பது மணி, இருதயம் வள்ளம், மூன்று தரம் கூப்பிட்டது என்று எழுதினார். எதிரே 'பதில் இல்லை' என்று எழுதினார்.

செண்பகவல்லி அதைப் படித்தாள்.

"அவர் பதில் சொல்லலையா அண்ணாச்சி?"

"வலை வாங்குத மும்முரத்துல இருக்காருல்லா. பேசியிருக்க மாட்டாரு."

"அவர் பேசலைங்கறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தொம்மை செட்டைக் காட்டினார். "இப்பதான் எல்லாம் சரியா இருக்குல்லா டீச்சர். அந்த இரைச்சலும் இல்ல, குமிழும் பாதி திறந்திருக்கு. பேசியிருந்தா வந்திருக்குமே."

அவள் வெளியே மணல் மேட்டைப் பார்த்தாள். தொம்மை செட்டைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.  பிறகு 'பதில் இல்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், இடது கையால், மெதுவாக எழுதினார்: 'கேட்கவில்லை.'

பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

செண்பகவல்லி குனிந்து படித்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

தொம்மை பேனாவை எடுத்து, அதற்கு முன்னால் 'எனக்கு' என்று சேர்த்தார்.